வீட்டிலேயே ஐ.என்.ஆர். பார்க்கும் கருவி: வால்வு மாற்றியபின் இரட்டைப் பார்வை வந்த ஒருவரின் மதிப்புரை

ரோஷ் நிறுவனத்தின் கோகுசெக் எக்ஸ்எஸ் என்னும் கையடக்கக் கருவி, விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தத்தைக் கொண்டு ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளந்து, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஐ.என்.ஆர். எண்ணைத் திரையில் காட்டுகிறது. ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்பதைக் குறிக்கும் எண் இது: கூடினால் உறைவது தாமதமாகிறது, குறைந்தால் விரைவாகிறது. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரைப் பழகியவர்களுக்கு இது அதன் அண்ணனைப் போலத் தோன்றும். இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்து, திடீர் திடீரென்று எனக்கு இரட்டைப் பார்வை வந்து போகத் தொடங்கியதன் காரணமாகவே இதை வாங்கினேன். ஆகவே பொதுவாகக் கருவி நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதைக் காட்டிலும், அத்தகைய அறிகுறி உள்ள ஒருவருக்கு இது எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது, எந்த இடத்தில் ஆபத்தாகவே முடியும் என்பதைச் சற்று விரிவாக எழுதுவதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள என் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. நம் நாட்டில் இளம் வயதிலும் நடுவயதிலும் வால்வு மாற்றிக்கொள்வோரில் பலருடைய கதை இதுதான். எனக்குப் பொருத்தியிருப்பது இரண்டு மடல்கள் கொண்ட செயற்கை வால்வு. மெட்டல் வால்வு என்று எல்லோரும் சொன்னாலும் மடல்கள் ஒருவகைக் கார்பனால் ஆனவை. அதன் ஆயுள் நீண்டது. ஆனால் அதன் மேற்பரப்பில் ரத்தக்கட்டி உருவாகாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். மைட்ரல் இடத்தில் உள்ள செயற்கை வால்வுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே, அவற்றுக்கு மாறக் கூடாதா என்று பலரும் கேட்கிறார்கள். இத்தகைய செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு அது கூடாது. அந்தப் புதிய மாத்திரைகளில் ஒன்றான டபிகாட்ரானை அவர்களிடம் சோதித்த ஆய்வில் ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடுதலாக இருந்ததால் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2013இல் வெளியாயின. பெருநாடி இடத்தில் ஒருவகைச் செயற்கை வால்வு பொருத்தியவர்களிடம் அவ்வகையின் இன்னொரு மாத்திரையான அபிக்சபானைச் சோதித்த ஆய்வும் 2022இல் இடையிலேயே நின்றது. எனவே அசெனோகுமரால் அல்லது வார்ஃபரின், அதனோடு ஐ.என்.ஆர். பரிசோதனை என்னும் பழைய வழிதான் எங்களுக்கு இன்னும் வழி.

இரட்டைப் பார்வை எனக்கு வந்தது இப்படித்தான்: பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கையில் எதிரே வரும் பேருந்தின் எண் பலகை பக்கவாட்டில் விலகி இரண்டாகத் தெரியும், சில நிமிடங்களில், எதுவும் நடக்காதது போல, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வலி இல்லை, மயக்கம் இல்லை. இப்படி வந்து போவதைத்தான் பலரும் களைப்பு, கண்ணாடி எண் மாறிவிட்டது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பலவீனம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்ப்பதுதான் இதில் முதல் கேள்விக்கு விடை தரும். ஒரு கண்ணை மூடிய பின்னும் மற்றக் கண்ணில் இரண்டாகவே தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள் இருக்கிறது. கண்புரை, கருவிழி உலர்வு, கண்ணாடி என்று கண் மருத்துவரிடம் முடிந்துவிடும். எந்தக் கண்ணை மூடினாலும் உருவம் ஒன்றாகிவிட்டால் இரு கண்களும் ஒரே இடத்தை நோக்கவில்லை என்று பொருள். கண்களை அசைக்கும் தசைகள், அவற்றுக்குச் செல்லும் மூன்றாம், நான்காம், ஆறாம் நரம்புகள், அந்த நரம்புகள் புறப்படும் மூளைத்தண்டு ஆகியவற்றில் எங்கோ தடங்கல். மூளைத்தண்டுக்குப் பின்கழுத்து வழியாக ஏறும் ரத்தக் குழாய்கள்தாம் ரத்தம் தருகின்றன. வால்விலிருந்து பெயர்ந்த சிறு கட்டி அங்கே போய் ஒரு கிளையைச் சற்று நேரம் அடைத்துவிட்டுக் கரைந்தால் இரட்டைப் பார்வை வந்து போகும். தற்காலிக மூளைத் தாக்கு என்று சொல்லப்படும் இது, பெரிய பக்கவாதத்துக்கு முன் வரும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றோடு, நிலைதடுமாற்றத்தையும் பார்வை மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இப்போது நரம்பியல் மருத்துவர்கள் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

மருத்துவமனையில் எடுத்த ஐ.என்.ஆர். 1.6 என்று வந்தது. எக்கோவில் வால்வின் மடல்கள் நன்றாக அசைந்தன, கட்டி எதுவும் தென்படவில்லை. வால்வில் கிருமித் தொற்று ஏற்பட்டாலும் துணுக்குகள் பெயர்ந்து மூளைக்குப் போகக்கூடும் என்பதால் ரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். (மெட்டல் வால்வு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்று உறவினர்கள் பலர் பயமுறுத்துவார்கள். இன்றைய செயற்கை வால்வுகளோடு வழக்கமான எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், வால்வின் வகை எழுதிய அட்டையை முன்கூட்டியே காட்டினால் போதும்.) அதில் நிலையான சேதம் ஏதும் தெரியவில்லை. ஐ.என்.ஆர். குறைந்திருந்த காலத்தில் வந்த தற்காலிகத் தாக்கு என்று கணித்து, மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அந்த எண் எப்போது இறங்கியது என்ற கேள்விக்குத்தான் ஒருவரிடமும் விடை இல்லை. முந்தைய பரிசோதனையில் 2.8 இருந்தது, அதற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதம். இடையில் எத்தனை நாள் வால்வு பாதுகாப்பின்றி இருந்தது என்பதைச் சொல்ல ஒரு வழியும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொருளாகத்தான் இந்தக் கருவி என் கவனத்துக்கு வந்தது.

பயன்படுத்தும் முறை கடினமானதன்று. ஆனால் ஒழுங்கு கேட்கும். ரத்தத் துளியை வைக்கும் சோதனைப் பட்டைதான் ஸ்ட்ரிப். ஒவ்வொரு ஸ்ட்ரிப் டப்பாவோடும் ஒரு சிறு சிப் வருகிறது. அந்தத் தொகுதிக்குரிய அளவீட்டு விவரம் அதில்தான் பதிந்திருக்கும் என்பதால் டப்பாவில் உள்ள எண்ணும் சிப்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். புது டப்பா திறந்தால் சிப்பையும் மாற்ற வேண்டும். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, சற்று நேரம் தொங்கவிட்டால் ரத்தம் எளிதில் வரும். முதலில் ஸ்ட்ரிப்பைச் செருக வேண்டும். கருவி அதைச் சூடாக்கிய பின் 180 வினாடி எண்ணத் தொடங்கும். அதற்குள் விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியையே, குத்திய 15 வினாடிக்குள் வைத்துவிட வேண்டும். தேவைப்படுவது 8 மைக்ரோலிட்டர்தான். ஆனால் துளி தயங்கினால் விரலைப் பிசைந்து பிழியக் கூடாது. பிழிந்தால் திசுநீர் கலந்து எண் தவறாகும். இரண்டாவது துளியைச் சேர்த்து ஊற்றவும் கூடாது. ரத்தம் போதவில்லை என்றால் கருவி பிழை என்று காட்டும், அந்த ஸ்ட்ரிப் வீண். புது ஸ்ட்ரிப், புது விரல். ஈரத்திலோ வெப்பத்திலோ கெட்டுப்போன ஸ்ட்ரிப்பைக் கருவியே கண்டறிந்து விலக்கிவிடுகிறது என்பது இதன் நல்ல அமைப்புகளில் ஒன்று. திரையில் எழுத்து பெரிதாக இருக்கிறது. அது சிறிய விஷயம் போலத் தோன்றினாலும், பார்வைக் குறை உள்ளவர்கள் கையாளும் கருவியில் அது சிறிய விஷயமன்று.

எந்த அளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. இவ்வகைக் கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலை, ஐ.என்.ஆர். 2க்கும் 4.5க்கும் இடையே இருக்கையில் பத்தில் ஒன்பது அளவீடுகளாவது ஆய்வக மதிப்பிலிருந்து 30 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று ஏற்றுக்கொள்கிறது. அதாவது ஆய்வகத்தில் 3 என்று வருவது இங்கே 2.6 என்றோ 3.4 என்றோ வந்தால் அது கருவியின் கோளாறு ஆகாது. இதை அறியாமல், காலையில் கருவியில் ஓர் எண்ணும் மாலையில் ஆய்வகத்தில் வேறோர் எண்ணும் வந்ததென்று பதறுவது வீண். எண் உயர உயர இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் கூடும் என்பதால், மிக உயர்ந்த மதிப்பு வந்தால் கையின் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் உறுதிசெய்த பிறகே மருந்தை மாற்றுவது வழக்கம். அமெரிக்காவில் 2018இல் இந்தக் கருவிக்கான ஸ்ட்ரிப்களில் 11 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் திரும்பப் பெறப்பட்டன. உயர்ந்த மதிப்புகளில் உண்மைக்கு மேலான எண்ணை அவை காட்டியதே காரணம். அளவீட்டுத் தரம் மாற்றியமைக்கப்பட்டபோது நேர்ந்த அந்தப் பிழை பின்னர் திருத்தப்பட்டது. ஒரு போட்டி நிறுவனத்தின் இன்ரேஷியோ கருவி 2016இல் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டதோடு ஒப்பிட்டால் கோகுசெக் நிலைத்து நின்றிருக்கிறது. சிகிச்சைகளையும் கருவிகளையும் மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல், வால்வு நோயாளிகள் தாமே பரிசோதித்துக்கொள்ள இதைப் பரிந்துரைத்தது. இருந்தாலும், ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள், ஆய்வகத்திலும் கருவியிலும் பார்த்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வதை நான் விடுவதில்லை.

சிலருக்கு இக்கருவி பொருந்தவே பொருந்தாது. ரத்தக்கட்டி உருவாவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ளவர்களுக்கு எண் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். உண்மையில் ரத்தம் போதிய அளவு இளகாமலே, இளகிவிட்டது என்று நம்ப வைத்துவிடும். சிவப்பணு அடர்த்தி 25 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அளவீடு செல்லும். அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் ரத்தசோகை கடுமையாக இருப்பவர்கள் அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இரட்டைப் பார்வைக்கு வருகிறேன். கருவி கையில் வந்தபின் ஒரு மாலை மீண்டும் பார்வையில் கோளாறு வந்தது. இம்முறை உருவம் இரண்டாகவில்லை. பார்வையின் ஓரத்தில் கோணல்மாணலாக மின்னும் கோடு ஒன்று தோன்றி, மெல்ல மெல்ல விரிந்து, அரை மணிக்குள் மறைந்தது. கையருகில் இருக்கும் கருவியை எடுத்து விரலைக் குத்திப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். பிறகு எடுத்ததில் எண் 3.0 என்று வந்தது. மருத்துவமனைக்குப் போய், கோடு எப்படி நகர்ந்தது, ஒரு கண்ணிலா இரு கண்களிலுமா, எவ்வளவு நேரம் என்று நரம்பியல் மருத்துவர் கேட்டுக் கேட்டு, ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியான ஒளித்தோற்றம் இது என்று முடிவு செய்தார். திறந்த இதய அறுவை சிகிச்சைக்குப் பின் தலைவலியே இல்லாமல் இத்தகைய ஒளித்தோற்றம் பலருக்கு வருவதுண்டாம். இந்த முடிவுக்கு அவரைக் கொண்டு வந்தது என் சொற்கள், 3.0 என்ற எண் அன்று. அதே 3.0 இருக்கும்போதும் கட்டி பெயரலாம். ஐ.என்.ஆர். சரியாக இருப்பது ஆபத்தைக் குறைக்கிறது, நீக்குவதில்லை. எண் மிகக் கூடியிருந்தால் மூளையில் ரத்தக்கசிவும் இரட்டைப் பார்வையோடு வரலாம். மாலையில் மட்டும் இமை சரிந்து இரண்டாகத் தெரிந்தால் அது தசைச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கும் ஐ.என்.ஆருக்கும் தொடர்பே இல்லை.

ஆகவே இக்கருவியில் நான் காணும் பெரிய அபாயம் அதன் துல்லியத்தில் இல்லை. அது தரும் ஆறுதலில் இருக்கிறது. இரட்டைப் பார்வை வந்த நிமிடத்தில் எண் 2.9 என்று காட்டினால், சரியாகத்தானே இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடத் தோன்றும். 1.7 என்று காட்டினாலோ, இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொள்ளத் தோன்றும். இரண்டுமே தவறு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்குப் போவது, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வது, மறைந்துவிட்டாலும் போவது. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதிலும் ஐ.என்.ஆர். 1.7ஐத் தாண்டியிருந்தால் வழக்கமாக அதைப் போட மாட்டார்கள். அப்போதுள்ள வழி, பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் கம்பி செலுத்திக் கட்டியை அகற்றுவதுதான். எனவே அவசரப் பிரிவில் முதலில் கேட்கும் எண்களில் இதுவும் ஒன்று. அங்கே வீட்டுக் கருவியின் எண்ணைக் கொண்டு முடிவெடுக்க மாட்டார்கள், தாமே எடுப்பார்கள். ஆனால் கடந்த வாரங்களின் எண்களைத் தேதியோடு எழுதிய நோட்டை நீட்டினால், எண் நிலையாக இருந்ததா, சரிந்துகொண்டிருந்ததா என்பது அவர்களுக்கு உடனே விளங்கும். என்னைப் பொறுத்தவரை இக்கருவியின் உண்மையான விளைபொருள் அந்த நோட்டுத்தான்.

கருவி தன் வேலையைச் செய்வது அறிகுறி இல்லாத நாட்களில். அசெனோகுமரால் உடலில் வேகமாகக் கரையும் மருந்து; அதன் அரை ஆயுள் (உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 8 முதல் 11 மணி நேரம், வார்ஃபரினுக்கு ஏறக்குறைய 40 மணி நேரம். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் அசெனோகுமரால் சாப்பிடுபவரின் எண் விரைவில் இறங்கும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சில நாள் சரியாகச் சாப்பிடாமை ஆகியவை எண்ணை ஏற்றும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளுகோனசோல் போன்ற தொற்றுக்கான மருந்துகளும் ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் பலமாக இறக்கும். முருங்கைக்கீரை, அரைக்கீரை போன்றவற்றை அடியோடு விலக்கச் சொல்லி நம் வீடுகளில் படாதபாடு படுத்துவார்கள். உண்மையில் வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டுவந்தால் மருந்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். இப்படி ஏதேனும் மாறும் வாரங்களில் கூடுதலாக ஒரு முறை பார்த்துவிட முடிவதும், எண்ணை வாட்ஸ்அப்பில் மருத்துவமனைச் செவிலியருக்கு அனுப்பி மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்வதும் முன்பு இல்லாத வசதிகள். முன்பு நான் போய்வந்த ஆய்வகம் ஒன்றில் மறுநாள்தான் முடிவு தருவார்கள். மற்றொன்றில் வினாடிக் கணக்கை மட்டும் எழுதி ஐ.என்.ஆரையே விட்டுவிட்டார்கள். கருவி எண்ணைத்தான் சொல்லும், மாத்திரையின் அளவைச் சொல்லாது. அதை நாமே கூட்டிக் குறைப்பது, தகுந்த பயிற்சி பெறாதவர் செய்யக்கூடியதன்று.

இவ்வளவுக்கும் மருத்துவப் பயன் நிரூபிக்கப்பட்டிருக்கிறதா? அமெரிக்காவில் 2,922 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் வீட்டில் பார்த்தவர்களுக்கும் மாதந்தோறும் நல்ல மருத்துவமனையில் பார்த்தவர்களுக்கும் இடையே பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு, மரணம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீட்டிலோ, தாமே பார்த்துக்கொள்பவர்களிடம் ரத்தக்கட்டியால் வரும் விளைவுகள் குறைவாக இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: ஒழுங்காக அழைத்து, ஒழுங்காகப் பார்க்கும் மருத்துவமனை அருகிலேயே இருப்பவருக்கு இந்தக் கருவி கூடுதல் வசதி, ஐ.என்.ஆர். பார்க்க இரண்டு பேருந்து மாறி நகரத்துக்குப் போக வேண்டியவருக்கு அது வசதியைத் தாண்டிய தேவை. வருத்தம் என்னவென்றால், அந்த இரண்டாம் வகையினருக்குத்தான் ஸ்ட்ரிப் விலை கட்டுபடியாகாது. கருவி ஒருமுறைச் செலவு. ஸ்ட்ரிப் தீராச் செலவு. ஆய்வகக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் நாம் கூடுதலாகத்தான் கொடுக்கிறோம். இதய நோயாளிகள் சங்கமோ ஊர்ச் சுகாதார நிலையமோ ஒரு கருவியை வைத்துப் பலருக்கும் பார்த்தால் பொருத்தமாக இருக்கும். அப்படிப் பகிர்ந்தால் குத்தும் ஊசியும் ஊசிப்பேனாவும் ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம் ஊர் வெயில் இதற்கு ஒத்துவராது. ஸ்ட்ரிப்பை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே அது தாண்டிவிடும் என்பதால் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில், மூடியை இறுக்கி வைப்பது நல்லது. எடுத்த ஸ்ட்ரிப்பைப் பத்து நிமிடத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கருவியும் 32 டிகிரிக்கு மேல் அளக்க மறுக்கும். காலை வேளையில் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது கடைக்காரர் டப்பாவை எங்கிருந்து எடுத்துத் தருகிறார் என்பதையும் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். 24 ஸ்ட்ரிப் கொண்ட டப்பா, வாரம் ஒன்று வீதம் பயன்படுத்துபவருக்கு ஏறக்குறைய ஐந்தரை மாதம் வரும். அதற்குள் காலாவதியாகும் டப்பாவைத் தள்ளுபடி விலை என்று தந்தாலும் வாங்க வேண்டாம். டப்பாவுக்குள் சிப் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்து வாங்கலாம். அது இல்லாமல் மீதி எதுவும் வேலை செய்யாது.